எடை காட்டாத வறுமை

தமிழ்நாட்டில் முதியோரின் எண்ணிக்கை பெருகி வருவதைப் பற்றிப் பேசாத திட்ட அறிக்கை இன்று அரிது. மக்கள்தொகைக்கான தேசிய ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு வெளியிட்ட கணிப்பின்படி, 2021-இல் மாநில மக்களில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 13.6 விழுக்காடு. 2031-இல் இது 18.2 விழுக்காடாக உயரும். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஓய்வூதியச் சுமை, மருத்துவச் செலவு, உழைக்கும் வயதினரின் விகிதம் என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் பேசியவன் நான். ஆனால், அந்த 18 விழுக்காட்டினரில் எத்தனை பேரால் பிறர் துணையின்றி நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க முடியும் என்பதைப் பொறுத்தே அந்தச் சுமை பெரிதாகும் அல்லது சிறிதாகும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விசாரிக்கும் முனைப்புடன் இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

முதுமையோடு வரும் தசை இழப்புக்கு மருத்துவ உலகம் பெயர் சூட்டியதே அண்மைக்காலத்தில்தான். அமெரிக்க அறிவியலாளர் இர்வின் ரோசன்பர்க் 1989-இல் ‘சார்கோபீனியா’ என்ற சொல்லை முன்வைத்தார். ஒரு பெயர் கிடைத்தாலாவது ஆய்வாளர்கள் இதைப் பொருட்படுத்துவார்கள் என்பது அவர் எண்ணம். கிரேக்க மொழியில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை. ‘பெனியா’ என்றால் வறுமை, இன்மை. நம் மொழியில் சதையின் நல்குரவு என்று சொல்லலாம். அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இது தனி இடம் பெற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோயின் பெயரிலேயே வறுமை இருப்பதால், பொருளாதாரம் கற்பித்த ஒருவனுக்கு இதில் கருத்துச் சொல்லச் சிறிது உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

வறுமையை அளப்பது பற்றி அமர்த்திய சென் 1976-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அந்தப் பணியை இரண்டாகப் பிரித்தது. ஏழைகள் யார் என்று அடையாளம் காண்பது முதல் படி. அவர்கள் நிலையைத் தொகுத்து ஓர் எண்ணாகச் சொல்வது அடுத்த படி. முதல் படியில் தவறிவிட்டால், அடுத்த படியில் எவ்வளவு கணிதம் போட்டும் பயனில்லை. தசை இழப்பைப் பொறுத்தவரை நாம் முதல் படியிலேயே தடுமாறுகிறோம். நாம் நம்பியிருக்கும் அளவுகோல் எடை என்பதே காரணம்.

‘எடை குறையவில்லை, உடம்பு அப்படியே இருக்கிறது’ என்று பெருமையோடு சொல்லும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. 30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு; 60-ஐத் தாண்டிய பின் வேகம் கூடுகிறது. குறைந்த தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொள்ளும். எடை இயந்திரம் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். நஞ்சையை விற்று வீட்டுக்குள் சாமான்கள் வாங்கி அடுக்கிய குடும்பத்தின் சொத்து மதிப்பு, காகிதத்தில் மாறாமல் இருக்கலாம். அடுத்த ஆண்டு அறுவடை இருக்காது. அதுபோலத்தான் இதுவும். மேலும், தசையின் அளவைக் காட்டிலும் அதன் வலிமை இன்னும் விரைவாகச் சரிகிறது. ஐரோப்பிய வல்லுநர் குழு 2018-இல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலிமையை முதலில் சோதிக்க வேண்டும் என்று கூறியது இதனால்தான்.

இந்த ஏமாற்றம் இந்தியர்களிடம் கூடுதல். புணேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் ஆகிய இருவரின் படத்தை 2004-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாக இருப்பவர் தசையிலும் வளமாக இருக்கிறார் என்ற முடிவுக்கு வருவது நம் நாட்டில் சரியாக இராது. இருந்த கையிருப்பே குறைவாக இருந்தவர்களுக்கு முதுமையின் இழப்பு முன்னதாகவே உறைக்கும்.

இப்போது இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவை குறைக்கும் எடையில் கொழுப்போடு ஒரு பகுதி தசையும் உண்டு. நீரிழிவு உள்ள 65 வயதுக்காரர் ஒருவர் ஆறு மாதத்தில் எட்டு கிலோ குறைந்தால் வீடே மகிழ்கிறது. குறைந்தது எது என்று யாரும் கேட்பதில்லை. அந்த மருந்துகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; எடையோடு வலிமையையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும் என்கிறேன்.

எடை சொல்லாததை அன்றாடச் செயல்கள் சொல்லும். நாற்காலியின் கைப்பிடியை அழுத்தாமல் எழ முடியாமல் போவது முதல் அடையாளம். பேருந்தின் படியில் ஏற இரு கைகளாலும் கம்பியைப் பற்ற வேண்டியிருக்கிறது. தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்கப் பேரனிடம் நீட்டுகிறோம். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருநாள் வாசலிலேயே கொடி கட்டிக்கொள்கிறார். மலைக்கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுத் திரும்புகிறார். இவற்றைச் செய்பவர்கள் எவரும் தங்களுக்கு வலிமை குறைந்துவிட்டது என்று சொல்வதில்லை. ‘வெயில் அதிகம்’, ‘அங்கே கூட்டம்’, ‘போய் என்ன ஆகப்போகிறது’ என்றுதான் சொல்வார்கள். பொருளாதாரத்தில் வருமானம் சுருங்கும் குடும்பம் முதலில் கடன் வாங்குவதில்லை. செலவைக் குறைத்துக்கொண்டு, அதுதான் தன் விருப்பம் என்று காட்டிக்கொள்ளும். உடலும் இதையே செய்கிறது. தள்ளாமை வெளியே தெரியும்போது சுருங்கல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. உலகெங்கும் பயன்படும் ஒரு வினாநிரலில் ஐந்து கேள்விகளே உள்ளன. நாலரை கிலோ சுமையைத் தூக்கிச் செல்வதில் சிரமம் உண்டா, ஓர் அறையைக் கடந்து நடப்பதில் சிரமம் உண்டா, நாற்காலியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ எழுவதில் உண்டா, பத்துப் படிகள் ஏறுவதில் உண்டா, கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் ஐயம் கொள்ள வேண்டும். விடைத்தாள் திருத்திப் பழகியவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தத் தேர்வில் 4 வாங்கியவருக்குச் சிக்கல் இருக்க வாய்ப்பு மிகுதி. அதற்குக் கீழே வாங்கியவருக்குச் சிக்கல் இல்லை என்று சொல்ல முடியாது. தொடக்கநிலையில் இருப்போர் பலரை இந்த வினாநிரல் தவறவிடுகிறது.

எனவே கேள்வியோடு அளவும் வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, சாதாரண உயரமுள்ள நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்தபடி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்வது நல்லது. கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பதும் எச்சரிக்கைக் குறியே. அளவு நாடாகூட இல்லாதவர்களுக்கு ஜப்பானின் காஷிவா நகரில் நடந்த ஆய்வு இன்னொரு வழியைத் தந்திருக்கிறது. இரு கைகளின் கட்டை விரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து ஒரு வளையமாக்கிக் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் இடைவெளி விட்டுக் கால் தளர்வாக நின்றால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கால் வீக்கம் உள்ளவர்களிடம் மட்டும் இந்த இரண்டு அளவும் பொய் சொல்லும்.

கையின் பிடிவலுவை அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது காட்டும் எண்ணின் மதிப்பை ஒரு பெரிய ஆய்வு உணர்த்தியது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1.4 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான அந்த ஆய்வில், பிடிவலு 5 கிலோ குறையும்போது இறப்புக்கான வாய்ப்பு 16 விழுக்காடு கூடுவது தெரிந்தது. ரத்த அழுத்தத்தைவிடவும் பிடிவலு நல்ல முன்னறிவிப்பாக இருந்தது. பிடியை வலுப்படுத்தினால் ஆயுள் நீளும் என்று இதற்குப் பொருளில்லை. உடலின் மொத்தக் கையிருப்பை ஒரு கைப்பிடி காட்டிக்கொடுக்கிறது என்பதே பொருள். நம் நாட்டிலும் 2017-18-இல் 45 வயதைக் கடந்த 72 ஆயிரம் பேரிடம் நடந்த முதியோர் நெடுநோக்கு ஆய்வில் பிடிவலு அளக்கப்பட்டது. ஆய்வாளர்களுக்குத் தரவு கிடைத்தது. அளக்கப்பட்ட பழக்கம் சுகாதார நிலையத்துக்கு வந்து சேரவில்லை.

எத்தனை கிலோவுக்குக் கீழே போனால் ஆபத்து என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பியர் ஆண்களுக்கு 27, பெண்களுக்கு 16 என்கிறார்கள். ஆசியக் குழு 28, 18 என்கிறது. டெண்டுல்கர் குழு, ரங்கராஜன் குழு என்று வறுமைக்கோட்டை எங்கே போடுவது என்ற வழக்கை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. கோட்டைப் பற்றிய சண்டையில் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர்கள் மறக்கப்படுவார்கள். என்னைக் கேட்டால், பொதுக்கோட்டைவிட அவரவர் சென்ற ஆண்டுக் கணக்கே பயனுள்ளது. கல்லுடைத்துப் பழகிய கை 35 கிலோவிலிருந்து இரண்டே ஆண்டில் 29-க்கு வந்தால், எந்தக் கோட்டின்படியும் அவர் நோயாளி அல்லர். ஆனால் அவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஒரே நபரை ஆண்டுதோறும் அளந்து ஒரே அட்டையில் எழுதினால் போதும். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை.

தசை மெல்ல மெல்லத்தான் கரைகிறது என்ற எண்ணமும் முழு உண்மை அல்ல. சில சமயம் அது ஒரே வாரத்தில் போகிறது. உடல்நலமுள்ள, சராசரி வயது 67 உடைய சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்காவில் ஆய்ந்தார்கள். 2007-இல் வெளியான முடிவுப்படி, கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அவர்கள் நோயில்லாதவர்கள், நன்றாகச் சாப்பிட்டவர்கள். காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் என்ன ஆகும்? என்னுடன் பணியாற்றிய தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் நிமோனியாவுக்காக 12 நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த குறிப்பில் ரத்தத்தின் ஒவ்வொரு அணுக்கணக்கும் இருந்தது. கழிவறையிலிருந்து தாமாக எழ முடியவில்லை என்ற செய்தி அதில் இல்லை. மூன்றாம் வாரம் அவர் வீட்டுக் கழிவறையில் விழுந்தார். நோய் குணமாகி வந்தவர் ஏன் விழுந்தார் என்று வீட்டார் திகைத்தார்கள். நுரையீரலைக் குணமாக்கிய அதே படுக்கைதான் கால்களை எடுத்துக்கொண்டது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. நீரிழிவு, சிறுநீரக நோய், புற்றுநோய், நீண்ட நாள் மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். உணவுக்குப் பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசையே என்பதால், தசை குறைந்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் தசை மேலும் குறையும்.

நம் பண்பாடும் இதற்குத் துணைபோகிறது. மூத்தவர்களை உட்கார வைத்து உபசரிப்பது நமக்கு மரியாதை. ‘நீங்கள் எழுந்திருக்காதீர்கள், நான் எடுத்து வருகிறேன்’ என்று சொல்லாத மருமகள் பொறுப்பற்றவர். ஓய்வு என்ற சொல்லையே பணி நிறைவுக்குப் பெயராக வைத்துக்கொண்டோம். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் காப்பகம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி தரப்பட்டது. முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அதே ஆய்வாளர்கள் 1994-இல் 100 பேரிடம் செய்த ஆய்வில் இன்னொரு செய்தியும் கிடைத்தது: பயிற்சியின்றிச் சத்துப்பானம் மட்டும் கொடுத்ததால் வலிமை கூடவில்லை. தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் சத்துமாவு டப்பாக்களை வாங்கி அடுக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தசையை வளர்க்க அது மட்டும் போதாது. சுமைக்கு எதிராகத் தசை வேலை செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, மணல் நிரப்பிய புட்டியைத் தூக்குவது போன்றவற்றை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, எவரும் தொடங்கலாம்.

அதற்காக உணவு முக்கியமில்லை என்றாகாது. நம் முதியோரின் தட்டைப் பாருங்கள்: காலையில் காப்பியும் பிஸ்கட்டும், மதியம் ரசம் சோறு, இரவில் இரண்டு இட்லி. பல் போன பின் சுண்டலும் கறியும் தாமாகவே விலகிக்கொள்கின்றன. நலமான வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013-இல் கூறியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தாமாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நியாயவிலைக் கடையில் ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. அதில் புரதம் ஏறத்தாழ 220 கிராம். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் தலைக்கு 55 கிராம். 55 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியின் ஒரு நாள் தேவை அது. அந்தப் பருப்போ ஒரு மாதத்துக்கு. மீதியில் ஒரு பகுதியை அரிசி ஈடுசெய்கிறது. எஞ்சியதைச் சந்தையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முதியோர் உதவித்தொகை மாநிலத்தில் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 80 வயதுக்குட்பட்டவருக்குத் தரும் பங்கு 2007 முதல் 200 ரூபாயாகவே நின்றிருந்தது. வயலிலும் கட்டடத்திலும் வாழ்நாள் முழுதும் உழைத்த பெண்ணிடம் ‘உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று சொல்வதில் பொருளில்லை. அவர் தசை கரைவது உழைப்புக் குறைவால் அல்ல. அவருக்குத் தேவை முட்டை. சத்துணவு மையத்தில் குழந்தைக்குக் கொடுக்கும் முட்டையில் ஒன்றை, அங்கேயே உணவருந்த உரிமை பெற்ற முதிய ஓய்வூதியருக்கும் கொடுப்பது பெரிய செலவாகாது.

செலவு என்றதும் அரசுகளின் பார்வை மருத்துவமனைப் பக்கமே போகிறது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று 2024-இல் மத்திய அரசு அறிவித்தது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சை செய்ய அந்தப் பணம் வரும். விழாமல் இருக்க ஆறு மாதம் பயிற்சியாளரிடம் போக அதில் வழியில்லை. முறிவுக்குப் பிந்தைய பராமரிப்புக்காக வேலையை விட்டு வீட்டில் இருந்துவிடும் மகளின் கூலி இழப்போ எந்தக் கணக்கிலும் வராது. தேசிய வருமானத்தில் அந்த மகளின் உழைப்பு சுழியம் என்று நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாடநூல் அப்படித்தான் சொல்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுவரை செல்லும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் மருத்துவ மையம் பயிற்சி தரலாம். தன்னார்வலரின் பையில் ஓர் அளவு நாடாவைச் சேர்க்க வேண்டும். 60 வயதைக் கடந்தவரை ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி, விநாடிகளையும் கெண்டைக்கால் அளவையும் அவரது அட்டையில் எழுத வேண்டும். சென்ற ஆண்டைவிட மோசமானால் இயன்முறை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவருக்கு இது இரண்டு வாரத்துக்குள் நடக்க வேண்டும். எங்களைப் போன்ற அரசு ஓய்வூதியர்களுக்கு இன்னும் எளிது. ஆண்டுதோறும் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கருவூலம் நேர்காணல் நடத்தி உறுதி செய்துகொள்கிறது. அங்கே காத்திருக்கும் நேரத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் பிடிவலுவை அளந்து குறித்துவிடலாம். ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகும். முதலில் இரண்டு மாவட்டங்களில் தொடங்கி, இரண்டாம் ஆண்டு அளவும் கைக்கு வந்த பிறகு மற்ற மாவட்டங்களுக்கு விரிக்கலாம்.